படப்பை வரைக்கும் ஒரு வடை

பரசுராமனுக்குப் பிரஷர். மறைமலை நகர் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பது நாளில் குறையாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி, தரையில் வேறு வேலை கொடுத்துவிடுவோம் என்றார் கம்பெனி டாக்டர். பதினெட்டு வருஷமாக சூப்பர்வைசரையே மேலேயிருந்து குனிந்து பார்த்துப் பழகிய ஆள். மனசு உடைந்துபோனான்.

அந்த வாரம் மணிமங்கலத்தில் இளைஞர் மன்றம் ஒரு நடைப் போட்டி வைத்தது. நாற்பது நாள் விடியற்காலையில் ஏரிக்கரையில் குடும்பத்தோடு நடந்து, மதகடியில் கையெழுத்துப் போட வேண்டும். தவறாமல் வந்த வீட்டுக்குப் பிரஷர் குக்கர்.

"ஒரு பிரஷரைக் குடுத்துட்டு இன்னொண்ணை வாங்கிக்கலாம்" என்று மனைவி ரத்னா பெயரைக் கொடுத்துவிட்டாள்.

பரசுராமன் மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பினான். பெண்கள் ஒரு பக்கம் நடந்தார்கள், ஆண்கள் ஒரு பக்கம். முதல் நாள் கையெழுத்துப் போட்ட கையோடு கரையிலிருந்து நழுவி, நடேசன் டீக்கடையில் நாலு மசால்வடையை முடித்தான். நடை அரை பர்லாங்கு. வடை அரைத் தட்டு. வீட்டில் ரத்னா அவன் துண்டை மோந்து பார்த்துவிட்டுத் துவைக்கப் போட்டாள்.

மறுநாள் நடேசன் கையை விரித்தான். "வடை இல்லண்ணே. கூட்ரோட்டுக் கடையில கீது."

கூட்ரோட்டுக்கு நடந்தான். இரண்டு நாள் கிடைத்தது. மூன்றாம் நாள் அங்கேயும் இல்லை. அதையும் தாண்டிப் படப்பையில் கிடைக்கும் என்றார்கள். அந்த நேரத்தில் பஸ் ஏது? நாக்கு முன்னே போக, கால் பின்னாலேயே போனது. படப்பைக்காரரும் ஆளுக்கு ஒரு வடைதான் என்றார். அந்த ஒரு வடைக்காகத் தினமும் போக வர நடந்தான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் டாக்டர் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, மேலே ஏறலாம் என்றார். நெஞ்சிலிருந்து ஒரு டன் பாரத்தைக் கிரேன் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அன்றைக்கு ஷிப்டு முழுக்க உயரத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

வீட்டில் புதுக் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் தன் மன உறுதி என்று ரத்னாவிடம் விளக்கினான். போட்டி முடிந்தது, நாளையிலிருந்து நடை கிடையாது, நடேசன் கடையோடு சரி என்றும் சொன்னான்.

ரத்னா அடுப்பைத் தணித்தாள்.

"நடேசன் அண்ணன் உனக்கு வடை குடுக்காது. கூட்ரோட்டுக்காரரும் அப்படித்தான். இன்னிக்கு படப்பையிலயும் சொல்லி வுட்டேன். இனிமே உனக்கு படப்பையையும் தாண்டி ஒரகடத்துலதான்யா."