ரெண்டரை மாமாவின் புரோக்கோலி

மலேசியாவில் இருந்துகொண்டு இந்திய நேரத்தில் மூச்சு விடுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ரெண்டரை மாமா. இயற்பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

தமிழ்நாட்டில் அச்சான தினசரிக் காலண்டர் ஒன்றை எப்படியாவது வருஷா வருஷம் வரவழைத்துவிடுவார். மலேசியக் கடிகாரம் இந்தியாவைவிட முந்தி ஓடுவதால், காலண்டரில் போட்டிருக்கும் நல்ல நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டினால்தான் நமக்கு நல்ல நேரம் என்பது அவர் கட்சி. பேர் வந்ததும் அதனால்தான். அதோடு விட்டாரா? இங்கேயே பக்கத்து ஊர் கம்போங் ராஜாவில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகைக்கும் அதே கணக்கு. ஒன்பது மணி முகூர்த்தத்துக்குப் பதினொன்றரைக்குப் போய், நாற்காலி அடுக்குகிறவர்கள் தலையில் அட்சதை போட்டுவிட்டு வருவார்.

நான் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அவருக்குப் பக்கத்து வீடு. ஜொகூருக்கு மாற்றல் கடிதம் வந்தபோது கிளம்ப எண்பது நாள் இருந்தது. "போறதுக்குள்ள உங்க தோட்டத்துல வெளஞ்ச புரோக்கோலி சாப்பிட்டுட்டுத்தான் போவேன், மாமா" என்று வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன். மனிதர் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் கோலா தெர்லா போய் எட்டு நாற்று வாங்கி வந்தார்.

நட்டால் எழுபது நாளில் பூ வெட்டலாம். கையில் பத்து நாள்தான் மிச்சம், இன்றே நடுங்கள் என்றேன். நாள் சரியில்லை என்றார். அடுத்த நல்ல நாளில் மழை கொட்டியது. அதற்கடுத்த நாளில் நல்ல நேரம் சாயங்காலம் நாலே முக்கால். கூட்டினால் ஏழே கால். டார்ச் அடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனவர் வழுக்கி விழுந்து, இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டார். இப்படியே ஒரு மாதம் போயிற்று.

"செடிக்கு என்ன பாஸ்போர்ட்டா இருக்கு, இந்தியா நேரம் பாக்க?" என்று கத்தியே விட்டேன். அவர் படுத்தபடியே காலண்டர்த் தாளைப் புரட்டினார். எழுந்து நடமாட முடிந்ததும் காலண்டரைப் பார்த்துத்தான் நட்டார்.

நான் கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் செடியில் நெல்லிக்காய் அளவுக்குத்தான் பூ. ஒரு நாள் காலையில் மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தானா ராத்தாவுக்கு பஸ் ஏறினார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. அங்கே அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தோழி மத்தியானம் போன் செய்தாள். மாமா மனுக் கொடுக்க வந்திருக்கிறாராம். என் மாற்றலை மூன்று வாரம் தள்ளிப்போட வேண்டுமாம். காரணம் கேட்டதற்கு, "டீச்சர் மேல ஒரு தப்பும் இல்லைங்க. நான்தான் லேட்டா நட்டுட்டேன் லா" என்றாராம்.

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டேன்.

மனு எடுபடவில்லை. கிளம்புகிற அன்று எட்டுச் செடியிலும் பூவை அறுத்துக் கொண்டுவந்தார். மொத்தமே ஒரு கைப்பிடி. "பிஞ்சுதான் டீச்சர்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அங்கேயே நின்று பச்சையாகத் தின்றேன். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பள்ளிகள் மாறிவிட்டேன். மாலை போட்டு வழியனுப்பியவர்கள் நிறையப் பேர். என்னை அனுப்ப வேண்டாம் என்று மனுக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.