நம்பர் அங்கிள் கையில் பூதக்கண்ணாடி

அன்று பூச்சோங்கில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். நான், என் மனைவி சரசு, மகள் கவிதா. கிள்ளானிலிருந்து நிச்சயத் தாம்பூலம் மாற்ற வந்திருந்த மாப்பிள்ளை பிரகாஷ், அவன் அப்பா தனபாலன், அம்மா, அம்மாவின் அண்ணன். இதோடு ஏழு. எட்டாவது ஆள் யாரும் கூப்பிடாமல் வந்தவர். நம்பர் அங்கிள்.

குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. கூட்டுச் சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிக் கெடுத்தவர்களும் உண்டு. பழைய போட்டோவை உற்றுப் பார்த்தே நாலு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்த ஒரே மனிதர் இவர்தான். இதைச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அந்த நாலில் ஒன்று என் குடும்பம்.

அவருடைய சொந்தப் பெயர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் தெரியாது. வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் நம்பரைத்தான் படிப்பார், பிறகுதான் காருக்குள் இருக்கும் மனிதருக்கு வணக்கம். நான் அங்கே வைத்திருப்பது படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்து உட்கார்ந்த கடை. நாள் தவறாமல் பத்து மணிக்கு வந்து என் ஸ்டூலில் உட்காருவார். சட்டைப் பையில் மடக்குப் பூதக்கண்ணாடி ஒன்று இருக்கும். அது திறக்கிற 'க்ளிக்' சத்தம் கேட்டால் ஒரு வாடிக்கையாளர் போனார் என்று அர்த்தம்.

ஒருமுறை ஓர் அம்மா தன் மாமனார் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொண்டு வந்தார். பழைய சுபாங் விமான நிலையம். பின்னால் காற்றாடி வைத்த விமானம், முன்னால் கோட்டுப் போட்ட மனிதர். "எங்க மாமா மெட்ராஸுக்குப் பிளேன் ஏறப் போறப்ப எடுத்தது" என்றார் அந்த அம்மா, கண் கலங்க. க்ளிக்.

"ஏறப் போறவரு கையில பெட்டி இல்லையேம்மா. பால் புட்டியில்ல இருக்கு. அந்தக் காலத்துல ஒருத்தன் ஏறுவான், முப்பது பேரு வேன் பிடிச்சுப் போய் டாட்டா காட்டுவோம். இவரு டாட்டா காட்டப் போனவரு."

அந்த அம்மா படத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர்தான். இப்போது அடுத்த தெருக் கடையில் சட்டம் போடுகிறார்.

இன்னொரு முறை வாழையிலைச் சாப்பாட்டுக் கடை முதலாளி ஒருவர், 'அறுபதுகளின் ஹைவே' என்று ஒரு படத்தைச் சுவர் அகலத்துக்குக் கேட்டார். பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, லோரியில் ஏற்றும் நேரத்தில் அங்கிள் வந்து சேர்ந்தார்.

"அறுபதா? அந்த மூணாவது வண்டி நம்பரைப் பாரு பாஸ். W. அப்பல்லாம் கே.எல். சிலாங்கூரோட சேர்ந்துதான் இருந்துச்சு, இங்க ஓடுன வண்டியெல்லாம் B. W வந்தது எழுபத்து நாலுலலா."

முதலாளி படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது இன்னும் என் கடைப் பின்புறம் சுவரை மறைத்துக்கொண்டு நிற்கிறது. "சாப்பிட வர்றவன் இலையைப் பார்ப்பானா, நம்பரைப் பார்ப்பானா அங்கிள்?" என்று கேட்டேன். "பொய்யைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டா செரிக்காது தம்பி" என்றார். அவருக்கென்ன, பென்ஷன் வருகிறது.

இப்படிப்பட்டவர் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஹாலில் என் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டு, கால் மேல் கால் பின்னி, பளபளக்கும் ஒரு காரில் சாய்ந்து நிற்பார். பெண் பார்க்க வந்த அன்று தனபாலன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பாவோட காரா?" என்று கேட்டார். அப்பா ரயில் தண்டவாளத்தில் கட்டை மாற்றியவர். சாகும்வரை சைக்கிள்தான். அது யார் கார் என்று எனக்கே தெரியாது. ஆனால் நல்ல இடம், படித்த பையன். 'இல்லை' என்று சொன்னால் முகம் எப்படிப் போகுமோ என்ற பயத்தில் தலையை ஆட்டிவிட்டேன். ஒரே ஓர் ஆட்டல்.

தனபாலனும் விடவில்லை. "எங்க அப்பாவும் சொந்தக் கார் வச்சிருந்தாரு. அடுத்த தடவை படம் கொண்டாறேன்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. எந்த வருட மாடல், எத்தனை வெள்ளி என்று கேட்டால் என்ன சொல்வது என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்தேன். சரசுவிடம்கூடச் சொல்லவில்லை.

நிச்சயத்தன்று கடையை மூடிவிட்டேன். பத்து மணிக்கு வந்த அங்கிள் கதவு மூடியிருப்பதைப் பார்த்து, பக்கத்துப் பூக்கடை அக்காவிடம் விசாரித்து, இரண்டு ரயில் ஒரு பஸ் மாறி வந்துவிட்டார். "கடை மூடியிருந்துச்சு. உனக்கு ஏதாவது ஆயிருச்சோன்னு ஓடியாந்தேன்." எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வந்த பிறகுதான் ஆனது.

சரசு விவரம் தெரியாமல் அவரை உட்கார வைத்து கேசரி கொடுத்தாள். தனபாலன் அந்த நேரம் பார்த்து, தாளில் சுற்றிய தன் அப்பாவின் படத்தைப் பிரித்து, சுவரில் இருந்த என் அப்பாவின் படத்தையும் கழற்றி, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அங்கிள் கேசரித் தட்டைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தார்.

"அங்கிள், டீ ஆறுது" என்றேன்.

"ஆறட்டும்."

க்ளிக்.

இந்தப் படத்தைப் பார்த்தார். அந்தப் படத்தைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். மகளின் தாம்பூலத் தட்டு ஓரடி தூரத்தில் இருக்கிறது.

"ரெண்டும் ஒரே காரு" என்றார் அங்கிள்.

"ஒரே மாடலா இருக்கும்" என்றார் தனபாலன்.

"மாடல் இல்லலா. ஒரே காரு. நம்பர் ஒண்ணு. இடது மட்கார்டுல நசுங்கல் ஒண்ணு. பக்கத்துல இருக்கிற பூத்தொட்டிகூட ஒண்ணு."

மாப்பிள்ளை அம்மாவின் அண்ணன் நல்ல மனிதர். சமாதானமாக, "அப்படின்னா இவங்க அப்பா ஓட்டிட்டு நம்ம மச்சான் அப்பாவுக்கு வித்திருப்பாரு" என்றார்.

நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். "ஆமா ஆமா, யாரோ கிள்ளான்காரருக்கு வித்தேன்னு அப்பா சொல்லியிருக்காரு."

தனபாலன் என்னைவிட வேகம். "எங்க அப்பாவும் செகண்ட் ஹேண்ட்னுதான் சொல்வாரு. கே.எல்.ல இருந்து அவரே ஓட்டிக்கிட்டு வந்தாராம்."

"எப்படி ஓட்டிக்கிட்டு வருவாரு?" என்றார் அங்கிள். "இதுல எஞ்சினே இல்லையே."

நான் சுவரைப் பார்த்தேன். தனபாலன் கூரையைப் பார்த்தார்.

"பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஸ்டூடியோ வாசல்ல நின்ன வண்டி. செங்கல் மேல நிக்குது, அதை மறைக்கத்தான் தொட்டி. சும்மா படம் ஒரு வெள்ளி, காரோட சேர்த்து ரெண்டு வெள்ளி. பொண்ணு வீட்டுக்கு அனுப்புற படம்னா எல்லாரும் காரோடதான் எடுப்பாங்க. இந்த நம்பரை ரத்து பண்ணி முத்திரை குத்துனதே நான்தான், வேலையில சேர்ந்த புதுசுல."

சொல்லிவிட்டு டீயை எடுத்துக் குடித்தார். என்னுடைய ஒரே மகளின் கல்யாணத்தை ஒரு மடக்குக் கண்ணாடியால் உடைத்துவிட்டு, டீயில் சீனி குறைவு என்றார்.

முதலில் வாயைத் திறந்தது தனபாலனின் மனைவி. "இருபத்தெட்டு வருஷமா இந்தப் படத்துக்குச் சாம்பிராணி காட்டுறேன். காருக்கும் சேர்த்துல்ல காட்டியிருக்கேன்." கவிதா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து என் உயிர் போனது. சிரித்திருக்கிறாள். பின்னாலேயே பிரகாஷும் போய்ச் சிரித்திருக்கிறான்.

தனபாலன் என் அப்பாவின் படத்தைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்க அப்பா நெசமா என்ன வேலை?"

"ரயில்வே. தண்டவாளத்துல கட்டை மாத்துறது."

"எங்க அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு."

"சைக்கிளாவது..."

"இருந்துச்சு. அதுவும் கங்காணியோடது."

நான் தலையை ஆட்டினேன். இந்த முறை பயந்து ஆட்டவில்லை. தனபாலன் எழுந்து தட்டைக் கையில் எடுத்தார். "நேரம் போகுதுல்ல சம்பந்தி, மாத்திக்குவோம்" என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, பிறகென்ன கோபம் என்று நீங்கள் கேட்கலாம். சரசுவும் அதைத்தான் கேட்டாள். முடியாமல் போயிருந்தால்? தட்டு திரும்பிப் போயிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பார்? இன்னொரு டீ கேட்டிருப்பார். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பத்து மணிக்கு வந்து உட்காருவார், நான் ஆணி அடித்துக்கொண்டே இருப்பேன். அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை என்ற முடிவில் இருந்தேன். தனபாலன் அதற்குள் கிள்ளானிலிருந்து வந்து, தன் கையாலேயே முதல் பத்திரிகையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பூ கட்டிய வெள்ளைக் கார் நின்றது. போட்டோக்காரர் இரண்டு குடும்பத்தையும் அதன் முன்னால் நிறுத்தினார். நம்பர் அங்கிள் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார். "அங்கிளையும் கூப்பிடுங்க" என்றார் தனபாலன். வாங்க என்று நான்தான் போய்க் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். பேசி இரண்டு மாதம்.

"வண்டி யாரோடது தம்பி?"

"வாடகை அங்கிள்."

"அப்ப படத்துக்குப் பின்னாடி எழுதி வச்சிரு. பேரப்பிள்ளைங்க நாளைக்கு யார்கிட்டயும் மாட்டிக்கக் கூடாது."

படம் வந்ததும் என் கடையிலேயே சட்டம் போட்டேன். அட்டையை மூடுவதற்கு முன் அவர் சொன்னபடியே பின்னால் எழுதினேன்: 'கார் வாடகை. நடுவில் நிற்கும் பெரியவர் எங்கள் வீட்டு மனிதர்.'