சாப்பாட்டு மேசையில் கச்சா எண்ணெய்

தேவராஜ் அன்னைக்கு சாயங்காலம் பெரிய சபதம் போட்டாரு. இனிமே டிரேடிங்ல உணர்ச்சிக்கே இடமில்ல. ஒழுக்கம். ஒன்லி ஒழுக்கம்!

சபதம் போட்ட இடம் குஷாய்குடா ஃபிளாட்டோட டைனிங் டேபிள். அதுல ஆளுங்க சாப்பிட்ட காலமெல்லாம் மலையேறிப் போச்சு. இப்போ ரெண்டு மானிட்டர், ஒரு கீபோர்டு, பாம்புக் கூட்டம் மாதிரி ஒயருங்க. பகல்ல மனுஷன் நாச்சாரம் ஃபேக்டரில குவாலிட்டி மேனேஜர். வீட்டுக்கு வந்துட்டா கச்சா எண்ணெய் ஃபியூச்சர்ஸ் சக்கரவர்த்தி! பொண்டாட்டி ஹம்சாவும் பொண்ணு சுபாஸ்ரீயும் வாஷிங் மெஷின் மூடிமேல தட்டு வெச்சு சாப்பிட்டாங்க. மெஷின் சுத்துறப்போ சோறும் சாம்பாரும் தானா கலந்துக்கும்.

"ஏங்க, என் டேபிள் எப்போ கிடைக்கும்?"

"கோடீஸ்வரன் ஆகப்போறவன்கிட்ட டேபிள் கேக்குறா பாரு!"

"வீட்டுல நல்லெண்ணெய் தீர்ந்து ஒரு வாரமாச்சு. நீங்க பீப்பா பீப்பாயா எண்ணெய் வாங்குறீங்க. ஒரு கரண்டி இந்தப் பக்கம் ஊத்தக் கூடாதா?"

"அது கையில வர்ற எண்ணெய் இல்லம்மா. விலை ஏறுமா இறங்குமான்னு போடுற ஒப்பந்தம். இங்க பாரு, வாங்கிட்டேன். மேல ஒரு லிமிட் ஆர்டர். விலை அங்க ஏறுச்சுன்னா தானா வித்துடும், லாபம். கீழ ஒரு ஸ்டாப் ஆர்டர். விலை அங்க இறங்குச்சுன்னா தானா வித்துடும், நஷ்டம் அதோட நிக்கும். நான் தூங்கினாலும் இதுங்க ரெண்டும் தூங்காது."

ஹம்சா யோசிச்சா. "சரி, பந்தயம். லிமிட் அடிச்சா டேபிள் உங்களுக்கே. வாயத் திறக்க மாட்டேன். ஸ்டாப் அடிச்சா எனக்கு."

"டீல்!"

டிரேடிங் அக்கவுண்ட் ஹம்சா பேர்லதான். வரிக்கு வசதின்னு சார் போட்ட மாஸ்டர் பிளான். லாகின் ஓடிபி மட்டும் அவ போனுக்கு வரும். "ஹம்சா, ஓடிபி!"ன்னு இவரு கத்துவாரு, அவ கிச்சன்லேருந்து சொல்லுவா. அவ்ளோதான்னு நெனைச்சாரு.

மறுநாளே விலை சர்ருன்னு இறங்கி ஸ்டாப் பக்கத்துல வந்து நின்னுச்சு. தேவராஜ் நைசா ஸ்டாப்ப இன்னும் கீழ தள்ளி வெச்சாரு. கிச்சன்ல ஹம்சா போன் 'டிங்'னுச்சு.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. மார்க்கெட்டுக்கு மூச்சு விட இடம் குடுத்தேன்."

அப்புறம் விலை ஏறி லிமிட்ட தொடப் பாத்துச்சு. ஜெயிச்சாச்சு! ஆனா ஆசை விடுமா? இன்னும் ஏறுமேன்னு லிமிட்ட மேல தூக்கினாரு. டிங். திரும்ப இறங்குச்சு. ஸ்டாப்ப இறக்கினாரு. டிங்.

அப்பதான் மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சுது. ரெண்டுமே அடிக்காம நகர்த்திட்டே இருந்தா பந்தயம் முடியவே முடியாது. டேபிள் ஆயுசுக்கும் நம்மளுது! ஒழுக்கமாவது ஒண்ணாவது!

ஹம்சா சிரிச்ச முகத்தோட டீ குடுத்தா. 'பாவம், இவளுக்கு மார்க்கெட் புரியல'ன்னு இவருக்கு இரக்கமே வந்துடுச்சு.

ஒரு வியாழக்கிழமை. வேலை முடிஞ்சு கதவைத் திறக்கறாரு, மானிட்டர் ரெண்டும் செருப்பு ஸ்டாண்டு மேல! டேபிள்ல பூப்போட்ட விரிப்பு, தட்டு, ஆவி பறக்குற மட்டன் குழம்பு. லோத்குண்டாலேருந்து ஹம்சாவோட தம்பி சாய்குமார் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்கான்.

"அநியாயம்! லிமிட்டும் அடிக்கல, ஸ்டாப்பும் அடிக்கல! பந்தயம் ஓடிட்டிருக்கு!"

"கான்ட்ராக்டே இன்னையோட எக்ஸ்பைரி, கெடு முடிஞ்சுதுங்க. நாம விக்கலைன்னு மத்தியானமே புரோக்கர் கம்பெனி வித்து முடிச்சிட்டாங்க. அந்த தேதிய மட்டும் நகர்த்த உங்ககிட்ட பட்டன் இல்லையே."

"உ... உனக்கு எப்படி?"

"அக்கவுண்ட் யார் பேர்ல? நீங்க நகர்த்தினது ஒவ்வொண்ணும் என் போனுக்கு டிங்குனு வந்துச்சு. எக்ஸ்பைரி வருதுன்னு போன வாரமே மெசேஜ். அதைப் பாத்துதான் தம்பியை இன்னைக்கு சாப்பிட வரச் சொன்னேன்."

"லாபமா நஷ்டமா, அதையாவது சொல்லு!"

"லாபம்தான். கமிஷன் போக அரை லிட்டர் நல்லெண்ணெய் வரும்."

"அப்போ பந்தயம்?"

"யாருமே ஜெயிக்கல. அதனால டேபிள் பழையபடி டைனிங் டேபிள். உக்காருங்க."

"டென்ஷன் நக்கோ பாவா, வேணாம் விடுங்க," சாய்குமார் எலும்பை உறிஞ்சிக்கிட்டே சொன்னான். "குழம்பு ஆறுது."

தேவராஜ் உக்காந்தாரு. சாப்பிட்டாரு. வயிறு நெறைஞ்சதும் வீரம் திரும்ப வந்துச்சு. அடுத்த மாச கான்ட்ராக்ட் இருக்கே! டேபிள் என்ன டேபிள், போன்லயே போடலாம்!

"ஹம்சா, ஓடிபி!"

டிங்.

"வந்துடுச்சுங்க. இந்தப் பாத்திரத்தை மட்டும் தேய்ச்சிட்டு வந்துடுங்க, சொல்றேன்."

குழம்புச் சட்டியோட அடிப்பிடிப்பு போறதுக்குள்ள, ஓடிபியும் எக்ஸ்பைரி ஆயிடுச்சு.