கொட்டகை வரை போகும் ஒயர்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், பூனை நலம். தங்கள் தங்கை நலமா என்பதைக் கொட்டகைக்குப் போய்த்தான் கேட்டு வர வேண்டும்.

தோட்டத்துக் கோடியில் இருக்கும் அந்தக் கொட்டகையில்தான் அவள் பானை வனையும் மோட்டார் சக்கரத்தைப் போட்டிருக்கிறாள். வீட்டிலிருந்து அங்கே ஒயர் இழுத்தது அடியேன். களிமண்ணை வைத்து அழுத்தினால் சக்கரம் சோர்ந்துபோகிறது, ஜாடி ஒரு பக்கமாகச் சாய்கிறது. "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா சக்கரத்தைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்கே போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். கேபிள் கடை வைத்திருக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கோ சிரிப்பு வரவில்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு நாள்கூட ஓடாது.

அதனால் நீங்கள் தந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, அறுபது மீட்டர் ஒயர் மின்சாரத்தை எத்தனை ஓம் தடுக்கிறது என்று இம்பிடன்ஸ் கணக்குப் போட உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒயர் கொடியோடு கொடியாகத் தொங்கிக்கொண்டு போகிறது, அதற்குள்ளே மின்சாரம் செருப்பில்லாமல் மெதுவாக நடந்துபோவதுபோல் இருந்தது, பாதி வழியில் நிழல் பார்த்து உட்கார்ந்தது, நானும் கூடவே உட்கார்ந்துவிட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் விடை எழுநூறு ஓமைத் தாண்டி நிற்கிறது! ஓடிப்போய், "இந்தச் சக்கரம் சுத்தவே முடியாதும்மா, கணக்குல தெரிஞ்சுடுச்சு" என்றேன். "அப்ப இப்ப சுத்துறது என்னவாம்?" என்றாள், மண்ணிலிருந்து கையை எடுக்காமல். அட்டவணை கிலோமீட்டருக்காம், நான் மீட்டரால் பெருக்கிவிட்டு ஆயிரத்தால் வகுக்க மறந்திருக்கிறேன். வகுத்தேன், ஒரு ஓம்கூடத் தேறவில்லை, தங்கமான ஒயர் என்று அறிவித்தேன், அறிவித்து வாயை மூடுவதற்குள் ஜாடி படுத்துவிட்டது. திரும்ப ஜன்னலோரம் வந்து சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான், போன மின்சாரம் பக்கத்துக் கம்பி வழியாக வீடு திரும்புவது கண்ணில் பட்டது. வருகிற வழியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் தடை இரண்டு மடங்கு, மச்சான்!

ஆகவே தடித்த கேபிளாகப் பார்த்துச் சனிக்கிழமைக்குள் அனுப்பி என் குடும்பத்தைக் காப்பாற்றவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: கேபிள் வேண்டாம். என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்த தங்கள் தங்கை, சக்கரத்தை என் படிப்பறைக்கே கொண்டுவந்துவிட்டாள். உங்கள் வீட்டுக்கு வரவில்லையாம். ஜாடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. நான்தான் மேசையோடு கொட்டகைக்கு வந்துவிட்டேன். ஒரு பல்புக்கு இந்த ஒயர் தாராளம். "சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிடும் குரல் மட்டும் இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடுகிறது. அதற்கு ஏதாவது அட்டவணை இருந்தால் அனுப்பவும்.