மாத்தளைக்குக் கடல் கொண்டுவந்த சேர்

இலங்கையில் எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் கடலில்தான் போய் விழ வேண்டும். மாத்தளையில் மட்டும் எந்தப் பக்கம் ஓடினாலும் முதலில் மலையில் முட்டிக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் இரண்டே வருடத்தில், மிளகு வியாபாரியிலிருந்து கொழுந்து பறிக்கிற அக்காமார் வரை எல்லோரையும் கடலை நினைத்துக் கவலைப்பட வைத்தார். உலகத்தில் வேறெந்தக் கடல் விஞ்ஞானியும் இதைச் செய்ததில்லை என்று நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைப்பேன். அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரே ஆள் நான்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஊருக்கு அவர் கடல் சேர்.

கடலோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, கடலையும் கரையோரத்தையும் ஆராயவும், ஆராய்ந்ததை மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் அரசாங்கம் நிதி ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டுப் பத்திரத்தில், 'நாட்டின் சகல மாவட்ட மக்களுக்கும்' என்று ஒரு வரி இருந்தது. இப்படிப்பட்ட வரிகள் கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுவது மாதிரி. யாரும் அதை நம்பி வரமாட்டார்கள். அங்கே விரிவுரையாளராக இருந்த கடல் சேர் நம்பினார். "சகல மாவட்டம்னா மாத்தளையும் தானே?" என்று கேட்டாராம். பல்கலைக்கழகக் கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். சிரித்து முடிப்பதற்குள் அவர் பெட்டியைக் கட்டிவிட்டார். அவரும் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், பிறந்தவர்தான்.

பலாபத்வலையில், வாசனைத் திரவியக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. 'கரையோர, கடல்சார் ஆய்வு விரிவாக்க நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். கீழே மிளகு காயும். மேலே நாங்கள் தும்முவோம். கடைக்காரர் மிளகு நானா அந்தப் பலகையை மூன்று நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு நாலாம் நாள் மாடியேறி வந்தார்.

"சேர், கோவிச்சிக்கப்படாது. கடல் எங்க இரிக்கி?"

கடல் சேர் அவரை ஜன்னலுக்கு அழைத்துப் போய் வீதியோரத்து ஓடையைக் காட்டினார்.

"அதாங்க நானா."

"அது சாக்கடக் காணு, சேர்."

"இங்க காணு. இது போய் சுது கங்கையில சேருது. சுது கங்கை அம்பன் கங்கையில, அம்பன் கங்கை மகாவலியில, மகாவலி திருகோணமலைக் கடல்ல. அப்ப கடல் எங்க ஆரம்பிக்குது?"

நானா ஓடையைப் பார்த்தார். அதில் அவர் கடையின் பொலித்தீன் பை ஒன்று மெதுவாகத் திருகோணமலைக்குப் பயணப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாளே ஓடைப் பாலத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை முளைத்தது: 'கடல் இங்கே ஆரம்பம். குப்பை போடாதீர்கள்.' சேர் சொல்லி எழுதியவர் 'கடல் இங்கே' என்பதைப் பெரிதாக எழுதி, இடம் போதாமல் மற்றதைப் பொடி எழுத்தில் அடைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு குடும்பம் துவாயும் ரப்பர் வளையமுமாக இறங்கி, குளிக்கிற இடம் எந்தப் பக்கம் என்று மிளகு நானாவிடம் கேட்டது. ஒரு வாரத்தில் பஸ் கண்டக்டர்களும் பிடித்துக்கொண்டார்கள். பாலம் வந்ததும் "முஹுத லங்க பஹின்ன!" என்று கூவுவார்கள். கடலடியில், அதாவது கடல் பக்கத்தில், இறங்குகிறவர்கள் இறங்கலாம் என்று அர்த்தம். நான் தினமும் கடலடியில் இறங்கி வேலைக்குப் போனேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடல் சேருக்கு இதெல்லாம் போதவில்லை. பேச்சை நிரூபிக்க வேண்டும் என்றார். சுது கங்கையில் மிதக்கவிட்டது எத்தனை நாளில் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கும் ஆய்வு. போத்தல் விட்டால் குப்பை. அதனால் தேங்காய். நாற்பது தேங்காய்களுக்குச் சிவப்பு வர்ணம் அடித்து, 'கண்டெடுத்தவர் அழைக்கவும்' என்று ஒரு தொலைபேசி இலக்கமும் எழுதினார். அந்த இலக்கம் என்னுடையது. தேங்காய் விற்ற விலையில் ஊரே சொதிக்குப் பாலை எண்ணி எண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

காலையில் தேங்காய்களை ஆற்றில் விட்டோம். மதியத்துக்குள் முதல் அழைப்பு வந்தது. சேர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஹலோ, தேங்கா ஆப்பிஸா?" ஒரு பெண் குரல்.

"ஆமாங்க. எந்த எடத்துல எடுத்தீங்க?"

"குளிக்கிற எடத்துலதான். நல்ல முத்தின காய். சம்பல் போட்டாச்சி. அடுத்தது எப்ப வரும்?"

அன்று மாலைக்குள் இருபத்தாறு அழைப்புகள், மறுநாள் மிச்சமும் வந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் சம்பலாகவும் சொதியாகவும் ஆகியிருந்தன. ஒரு தாத்தா மட்டும், ஆற்றில் வந்ததைச் சாப்பிடப் பயந்து கோயிலில் உடைத்துவிட்டதாகச் சொன்னார். நாட்டின் பொது நிதியில் வாங்கிய தேங்காய் ஒன்றுகூட மாத்தளை எல்லையைத் தாண்டவில்லை. சேர் முகம் வாடிவிடும் என்று பார்த்தேன். அவர் உட்கார்ந்து முடிவை எழுதினார்: 'ஆற்றில் எது வருகிறது என்பதை மாத்தளை மக்கள் மிகக் கூர்ந்து கவனிக்கிறார்கள். இது நம்பிக்கை தருகிறது.'

அடுத்து தோட்டங்களுக்குப் புறப்பட்டார். ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில், கூடையை இறக்கி வைத்த ஐம்பது பெண்களுக்கு முன்னால் கண்ணாடிச் சாடி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு முழ நீளத்தில், கறுப்பாக, முண்டும் முடிச்சுமாக ஏதோ மிதந்தது.

"இதுதாங்க கடலட்டை!" என்றார் பெருமையாக.

தேயிலை மலையில் போய் யாராவது அப்படிச் சொல்வார்களா? தினமும் காலில் சுண்டுவிரல் அளவு அட்டை கடித்து ரத்தம் வழிய நிற்கிறவர்களிடம் ஒரு முழ அட்டையைக் காட்டினால் என்ன ஆகும்? "ஐயோ முருகா!" என்று முன்வரிசை பின்வரிசையில் விழுந்தது. பின்வரிசை வெளியே ஓடியது. தராசு சரிந்தது. கணக்கப்பிள்ளை கொழுந்துச் சாக்குமேல் ஏறி நின்றுகொண்டார்.

"கடிக்காதுங்க! ரத்தம் குடிக்காதுங்க! இது செத்துப் பல வருசமாச்சி!" என்று சேர் சாடியோடு அவர்கள் பின்னால் ஓட, அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

ஓடாமல் நின்றது ஒரே ஒருத்தர். பாக்கியம் அக்கா. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாடியை உற்றுப் பார்த்தார்.

"சேர், ஒரு கேள்வி. அட்டைக்கு உப்பு வெச்சா சுருண்டு செத்துரும். கடல்ல அம்புட்டும் உப்பு. அப்புறம் இது எப்படி உசுரோட இருக்கு?"

கடல் சேர் சாடியைக் கீழே வைத்தார். பிறகு கவிழ்ந்து கிடந்த ஒரு கூடையில் உட்கார்ந்தார்.

"இருவத்திரண்டு வருசமா படிச்சிக் குடுக்குறேன். இந்தக் கேள்விய ஒருத்தன்கூட என்கிட்ட கேட்டதில்ல," என்றார். "இதுக்குப் பேருதாங்க அட்டை. உண்மையில இது வேற சாதி. இது ஒடம்புக்குள்ளயும் கடல் அளவுக்கே உப்பு இருக்கு. உள்ளயும் வெளியயும் ஒரே உப்புன்னா தண்ணி வெளிய இழுபடாது. அதான் சுருளாது."

"அப்ப பயப்படாம கடலுக்குள்ள இருக்கணும்னா, கடல உள்ள வெச்சிக்கணும். அப்படித்தானே?" என்றார் பாக்கியம் அக்கா.

சேர் அதையும் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு தடவை அந்த மடுவத்துக்குப் போனோம். நான் பார்த்த அளவில், பேசியது பெரும்பாலும் அக்காதான்.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. நாட்டில் பணமில்லை, ஒவ்வொரு ஒதுக்கீடும் மீளாய்வு செய்யப்படும், கடலில்லாத மாவட்டத்தில் கடல் நிலையம் எதற்கு என்று பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறார். நிலையம் போனால் என் வேலையும் போகும். வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான். சேரோ மாப்பிள்ளை வீட்டார் வருவது போல உற்சாகமாக, கடல் பிறந்த கதையிலிருந்து தொடங்கி, எண்பத்து நாலு படங்களோடு விளக்கவுரை தயாரித்தார். நான் அவருக்குத் தெரியாமல் பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, வந்து ரெண்டு நல்ல வார்த்த சொல்லிட்டுப் போங்க."

கொழும்பிலிருந்து வந்த மேடம் நிதானமானவர். முக்கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாவது படத்தில் கையை உயர்த்தினார்.

"மாத்தளைக்கு எப்ப வருவீங்க?"

"வந்துருவேன் மேடம். பூமி இப்பதான் ஆறிக்கிட்டு இருக்கு."

கீழே மிளகு நானா பலமாகத் தும்மினார். மேடம் கோப்பினை மூடினார். அந்த நேரம், கதவோரம் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்காவை அவர் கவனித்தார்.

"நீங்க யாருங்க?"

"கொழுந்து எடுக்குறவ, மேடம்."

"மலையில இருக்கிற ஒங்களுக்குக் கடல் எதுக்கு? உண்மையச் சொல்லுங்க."

அக்கா எழுந்து நின்றார். "மேடம், லயத்துல நாங்க குப்பைய ஓடையில வீசுவோம். அது சும்மா போவுது. கடல்ல அத நெத்தலி திங்குது. அந்த நெத்தலிய நாங்க கடையில காசு குடுத்து வாங்கித் திங்குறோம். சும்மா வீசுனத காசு குடுத்துத் திருப்பி வாங்குற பைத்தியம் எங்களத் தவிர வேற யாராச்சும் இருக்காங்களா? இத இந்தச் சேர் வந்துதான் சொன்னாரு. இப்ப எங்க லயத்துல ஒருத்தரும் ஓடையில வீசுறதில்ல. வீசுனா நான் வைவேன்."

மேடம் சிரித்துவிட்டார். ஓடையைப் போய்ப் பார்த்தார், லயத்தைப் போய்ப் பார்த்தார், பள்ளிப் பிள்ளைகளிடம் மகாவலி எங்கே போகிறது என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் "திருகோணமலைக் கடலுக்கு!" என்று கத்தினார்கள். காரில் ஏறும்போது கடல் சேரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது. எங்களைப் பற்றி இரண்டு பக்கம் புகழ்ந்திருந்தார்கள். கடைசி வரி இது: 'மாத்தளை மாவட்டத்தில் இத்திட்டத்தின் நோக்கம் முழுமையாக நிறைவேறியிருப்பதால், மேலும் நிதி ஒதுக்கத் தேவையில்லை.'

மிளகு நானாதான் கொதித்தார். "பாஸாகிட்டிங்க, அதால ஸ்கூல மூடுறோம்னு சொல்றானுகளே, இது என்ன நியாயம்?"

கடல் சேர் அந்த அறிக்கையை இரண்டு தடவை வாசித்தார். "நோக்கம் நிறைவேறிச்சின்னு எழுதியிருக்காங்க, தங்கச்சி. என் பேரைப் போட்டு இப்படி யாரும் எழுதினதில்ல," என்றார் என்னிடம். சாடிகளை ஒவ்வொன்றாகப் பழைய சாரத் துணியில் சுற்றி, பல்கலைக்கழக லொறியில் ஏற்றிக்கொண்டு கடலோரத்துக்கே திரும்பிப் போனார். எனக்கு மிளகு நானாவே கடையில் வேலை கொடுத்தார். வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

மூன்று மாதம் கழித்து பாக்கியம் அக்கா போன் போட்டார். "புள்ள, வேன் பேசியாச்சி. பதினாலு பேர். திருகோணமலைக்குப் போறோம். சேரையும் கரைக்கு வரச் சொல்லு."

போனோம். பதினாலு பேரில் பத்துப் பேர் கடலை டீவியில் மட்டும் பார்த்தவர்கள். பாக்கியம் அக்காவும் அப்படித்தான். வேனிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாமல் பேசியவர், மணலில் பத்து அடி நடந்ததும் நின்றுவிட்டார். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கை தலையில் இருந்தது. மற்றப் பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அலை வந்தால் பின்னால் ஓடுவதும், போனால் முன்னால் போவதுமாக இருந்தார்கள்.

கடல் சேர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, இவர்களையே பார்த்தபடி நின்றார்.

"சேர், கடல் அந்தப் பக்கம் இருக்கு," என்றேன்.

"தெரியும் தங்கச்சி. அது எங்கயும் போவாது." அவர் திரும்பவே இல்லை. "நான் மொத மொதல்ல கடலப் பார்த்தப்போ எனக்கு இருவது வயசு. தனியா வந்து நின்னேன். அன்னைக்கு என் மொகம் எப்படி இருந்திச்சின்னு சொல்ல பக்கத்துல ஒருத்தரும் இல்ல. அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் பாக்கியம் அக்காவைக் காட்டினேன்.

"இப்படித்தான் சேர் இருந்திருக்கும்."