கரடி தலையாட்டிய வியாழக்கிழமை

முகமூடிக்காரர் என்றால் எனக்கு மரியாதை அதிகம். எண்பதுகளில் எங்கள் ஊரான சுருவில் பக்கம் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் ஆம்பிளைகளை வரிசையில் விடுவார்கள். தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு ஓட்டை போட்ட ஒருவர் ஜீப்பில் இருப்பார். வாய் திறக்கமாட்டார். உங்களைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், நீங்கள் ட்ரக்கில். தலையாட்டி என்பது அவருடைய உத்தியோகப் பெயர்.

அவரிடமிருந்து தப்பி ஜேர்மனிக்கு வந்து குளிர்கூடப் பழகவில்லை. அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டதென்ற நினைப்பு எனக்கு. பாடநூலில் பாதியை மனப்பாடம் செய்துவிட்டு, டிராமில் பக்கத்தில் இருப்பவரிடம் வலியப்போய் "உங்கள் தோட்டம் அழகாக இருக்கிறது" என்பேன். (டிராமில் ஏது தோட்டம்!)

என் அறைத்தோழர் இறுப்பிட்டித் தேவன் அண்ணை. தான் வேலை செய்த உணவகத்தில் எனக்கும் கோப்பை கழுவ ஒரு இடம் பார்த்தார். அது கிடைக்காவிட்டால் அம்மாவையும் தங்கச்சியையும் ஊரிலிருந்து கொழும்புக்கு எடுக்க வழியில்லை.

"வியாழக்கிழமை காலமை வரட்டாம். அண்டைக்குச் சனம் கூடவாம். முதலாளி உம்மைப் பாக்கவேணுமாம்."

கோப்பை கழுவப் போக டை கட்டியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டையும் தேவன் அண்ணையுடையது.

"என்ர கலியாணத்துக்கெண்டு வாங்கி வச்சிருக்கிறது, தம்பி. எண்ணெய் பட்டுதெண்டால் நீர் அறைக்கு வரத் தேவையில்லை."

வியாழன் விடிந்ததிலிருந்தே ஏதோ பிழை. வீட்டுக்காரக் கிழவி கரியால் மீசை கீறிக்கொண்டு காலை வணக்கம் சொன்னா. சரி, மனுசிக்கு வயது போய்விட்டது. டிராம் சாரதிக்குச் சிவப்பு மூக்கு. சரி, குளிர். அடுத்த தரிப்பில் சூனியக்காரிகள் ஒரு கூட்டமாக ஏறினார்கள். ஒருத்தியின் கையில் கத்தரிக்கோல். என் டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளின் காதில் ஏதோ சொன்னாள். அத்துடன் சமாதானம் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

இறங்கினால் தெரு முழுக்க முகமூடி. மூளை கணக்குப் போட்டது: இத்தனை பேர் ஒரே நாளில் முகத்தை மறைக்கிறார்கள் என்றால், யாரையோ பிடிக்கப் போகிறார்கள். அங்கே வெளிநாட்டுக்காரன் நான் ஒருத்தன்தான்.

உணவக வாசலில் ஆளுயரக் கரடி ஒன்று நின்றது. என் முகத்தைப் பார்த்தது. டையைப் பார்த்தது. பிறகு நிதானமாக, மேலும் கீழுமாக, தலையை ஆட்டியது.

முடிந்தது கதை. கைகள் இரண்டும் தாமாக மேலே போயின. முழங்கால்கள் தாமாகக் கல்லுத்தெருவில் இறங்கின. படித்த ஜேர்மன் பறந்துபோக, சுத்தமான சுருவில் தமிழில் கத்தினேன்: "ஐயா, நான் ஸ்டூடன்ட்! எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா!"

கரடி கொஞ்சம் யோசித்தது. பிறகு அதுவும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு முழங்காலில் இருந்தது. பின்னால் நின்ற கோமாளி வேடக்காரரும் முழங்காலில் இருந்தார்கள். தெருவே கையைத் தூக்கிக்கொண்டு பாடத் தொடங்கியது. (அதை எங்கள் நாட்டு நடனம் என்று நம்புகிறவர்கள் அங்கே இன்னும் இருக்கக்கூடும்.) அந்த நேரம் பார்த்து, என்னோடு டிராமில் வந்த கத்தரிக்கோல்காரி டையைப் பிடித்தாள். கண்ணை இறுக மூடினேன். நறுக்! பிறகு கன்னத்தில் ஒரு முத்தம்.

சத்தம் கேட்டுத் தேவன் அண்ணை குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"டேய், எழும்படா! அது முதலாளி!"

கரடி தலையைக் கழற்றியது. உள்ளே வியர்த்துப்போன வழுக்கை மனிதர்.

"டை கட்டினவன் வருவான் எண்டு நான்தான் சொன்னனான். ஆள் நீதானெண்டு கண்டுபிடிச்சுத் தலையாட்டினவர்." அப்போதுதான் தேவன் அண்ணை என் கழுத்தைப் பார்த்தார். "என்ர டை எங்கயடா?"

முதலாளி விளக்கினார். இது ஊரே வேடம் போடும் திருவிழாவாம், இன்றைக்குப் பெண்களின் நாளாம். டை கட்டிய ஆம்பிளை கண்ணில் பட்டால் வெட்டுவார்களாம். பதிலுக்கு முத்தமாம்.

"இதை ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை?"

"நான் போன வெயிலுக்குத்தானே வந்தனான்! எனக்கும் இது முதல்தரம், எனக்கென்னெண்டு தெரியும்?"

வேலை அன்றைக்கே கிடைத்தது. "நல்லா நடிக்கிறான்" என்று முதலாளி சொன்னாராம். நான் அவரைத் திருத்தப் போகவில்லை.

தேவன் அண்ணை பிடிவாதமாக மிச்ச டையோடுதான் கலியாணம் செய்தார். படத்தில் கோட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டியிருக்கும்.

என் பிள்ளைகளுக்குச் சாக்குத் தலையாட்டியைத் தெரியாது, கரடியைத்தான் தெரியும். அவர்கள் எதையாவது கேட்க நான் சரியென்று தலையை ஆட்டினால், இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு முழங்காலில் விழுவார்கள்: "ஐயா, ஸ்டூடன்ட் ஐயா!"

நானும் சிரிப்பேன். ஆனால் இப்போதெல்லாம் சம்மதமென்றால் 'ஓம்' என்று வாயால்தான் சொல்கிறேன்.