பத்துப் பேருக்கு வைத்த குழம்பு

என் கண்ணின் ஒளியும் ஷீராஸ் நகரத்தின் பெருமையுமான அருமைத் தங்கை ஃபரங்கீஸுக்கு, உன்னைச் சுற்றிவந்து பலியாகத் தயாராயிருக்கும் அண்ணன் ஹெஷ்மத் டெஹ்ரானிலிருந்து எழுதுவது. இறைவன் அருளால் நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் நிழல் எங்கள் தலைமேல் என்றும் குறையாதிருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் சலாம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் புகுந்து பேசுவாய், காகிதம் பேசாது.

நீ சொன்னபடி வெள்ளிக்கிழமை கோர்மே சப்ஸிக் குழம்பு வைத்தேன். உன் அண்ணி ஷம்ஸி கண்ணை மூடியதிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று தின்று நாக்கு மரத்துப்போயிருந்தது, ஒரு நாளாவது மனுஷனாகச் சாப்பிடுவோம் என்று கீரைக்கடைக்குப் போனால், கடைக்காரன் எல்லார் முன்னாலும், "என்ன ஐயா, வீட்ல விருந்தா?" என்று கேட்டுவைத்தான். எனக்கு மட்டும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாப்பா, வீடு நிறைய சனம்" என்றேன். அவனுக்கு வந்ததே சந்தோஷம், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, வெங்காயத்தாள் என்று கட்டுக்கட்டாக அள்ளிப் போட்டான், வேண்டாமென்றால் சொன்ன பொய் வெளுத்துவிடும், அதனால் மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தேன். கீரைக்கு ஏற்ற கறி வேண்டுமே என்று ஆட்டுத் தொடையும் வாங்கினேன். கடைசியில் ஷம்ஸி கல்யாண வீடுகளுக்கு எடுத்துப்போகும் அந்தப் பெரிய பானையைத்தான் இறக்க வேண்டியதாயிற்று.

இனி உன் சமையல் குறிப்பைப் பற்றி. கீரை "கருகாம கறுக்கணும்" என்றாய். அது என்ன கணக்கு தாயே? அடுப்பு முன்னால் நின்று, இது கறுப்பா கருகலா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. காய்ந்த எலுமிச்சையைக் குத்திவிட்டுப் போடு என்று நீ சொல்லவில்லை, கரண்டியால் அமுக்கினேன், வெடித்து மூக்குக்கண்ணாடியில் அடித்தது. பிறகு, "அவசரப்படாதே அண்ணா, சின்னத் தீயில அதுவா அடங்கும்" என்றாய். எனக்கு என்ன அவசரம்? காலையில் ஏற்றிய கறி மதியம் தாண்டி மெதுவாக வெந்து, எண்ணெய் மிதந்து, வீடு முழுக்க ஷம்ஸி இருந்தபோது அடித்த வாசனை அடித்தது. பத்துப் பேர் சாப்பிடலாம். இருந்தது நான் ஒருத்தன்.

வாசனை பட்டவருக்கு ஒரு வாயாவது கொடுக்க வேண்டும் என்பது நம் வழக்கம். எனவே வாசல் கதவைத் திறந்துவைத்து, தட்டை எடுத்து வாசனையை வெளியே விசிறினேன். சிரிக்காதே. எதிர்வீட்டு நுஸ்ரதி ரொட்டிக்கடையிலிருந்து ஒரே ஒரு ரொட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

"ஹெஷ்மத் ஐயா, இது என்ன அநியாயம், வாசனை கீழ்வாசல் வரைக்கும் வந்து ஆளை இழுக்குது."

"அதுக்கென்ன, உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்."

"சமைச்ச உங்க கை வலிக்காம இருக்கணும். நான் வேற எதுக்குத் தொந்தரவு?"

"தொந்தரவா? என் கண்ணு மேல கால வச்சு வாங்க."

"நீங்க சொன்னதிலேயே வயிறு நிறைஞ்சுபோச்சு."

"நெசமாத்தான் கூப்பிடறேன், உபசாரத்துக்கு இல்ல."

"நானும் உபசாரத்துக்குச் சொல்லல ஐயா, நெசமாவே சாப்பிட்டாச்சு."

உபசாரமில்லை என்று சொல்வதும் நம்மிடம் உபசாரம்தானே, எதை நம்புவது? இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாவதில் சம்மதிப்பதுதான் நம் முறை. மூன்று முறை கூப்பிட்டாயிற்று, மூன்று முறையும் மறுத்துவிட்டார், நான்காவது முறை கூப்பிட்டால் கழுத்தைப் பிடித்து இழுப்பதுபோல ஆகிவிடும். "சரி, உங்களுக்கும் வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று உளறினேன். அவருக்கு யாருமில்லை என்று எனக்குத் தெரியாதா? மகன் குடும்பத்தோடு எப்போதோ வெளியூர் போய்விட்டான். "ஆமாமா, காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். பிறகு யார் முதலில் கதவைச் சாத்துவது என்று அதிலும் உபசாரம், "நீங்க போங்க", "இல்ல நீங்க போங்க" என்று நின்று நின்று கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகச் சாத்திக்கொண்டோம்.

கிண்ணத்தில் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்பாய். கிண்ணம் போகும், உட்கார்ந்து பேச ஆள் வராதே. சோற்றுப்பானையைக் கவிழ்த்தேன், விருந்துக்கே பெருமையான அடிச்சோற்றுக் காந்தல் பொன்னிறமாக, ஒரு கீறல் இல்லாமல் முழுசாக விழுந்தது. ஷம்ஸிக்குக்கூட அப்படி விழுந்ததில்லை. முதல் துண்டு விருந்தாளிக்கு என்று பிட்டுவைத்தேன், எதிர்த் தட்டில் அது அப்படியே ஆறியது. குழம்பு கொஞ்சம் கசந்தது, "கசக்குது"ன்னு சொல்லக்கூட ஆள் இல்ல தங்கச்சி. அப்பதான் ரொம்பத் தனியா இருந்துச்சு.

ஷீராஸுக்கு வந்து எங்களோடு இரு என்று நோன்பு மாதத்தில் கூப்பிட்டாய், வேண்டாம் என்றேன். போன வாரமும் கூப்பிட்டாய், இப்போதும் அதையே சொல்கிறேன், வேண்டாம். இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை, அக்கம்பக்கத்தார் தங்கமானவர்கள், பொழுது கலகலப்பாகப் போகிறது. நீயும் உன் பிள்ளைகளும் நூறாண்டு வாழ வேண்டும், உன் அடுப்பு என்றும் அணையாதிருக்க வேண்டும்.

உன் காலடித் தூசிக்கும் ஈடாகாத அண்ணன்,
ஹெஷ்மத்

பி.கு.: கடைசியில் எழுதினது எல்லாம் மரியாதைக்கு எழுதினது. நீ ரெண்டு தடவை கூப்பிட்டே, நான் ரெண்டு தடவை மறுத்தேன், நம்மை அப்படித்தானே வளர்த்தாங்க. பெட்டி கட்டி வாசலோரம் வச்சிருக்கேன். இன்னும் ஒரு தடவை கூப்பிடு தங்கச்சி.